புதுப்பிப்பு: தேக்கு அலமாரியும் இரும்பு பீரோவும் திருநகர் மாடிக்கு ஏறிவிட்டன

வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்து வீட்டில் இருந்த தாத்தா காலத்துத் தேக்கு அலமாரியையும் இரும்பு பீரோவையும், குறுகித் திரும்பும் படிக்கட்டு உள்ள திருநகர் மாடி வீட்டுக்கு எப்படி ஏற்றுவது என்று முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

பழைய தச்சு வேலையில் ஆணி குறைவு என்பதால் அலமாரியைக் கழற்றிவிடலாம் என்று ஓர் அன்பர் எழுதிய யோசனையே பலித்தது. ஆசாரி மேல் முகப்பை மரச்சுத்தியால் கீழிருந்து மெல்லத் தட்டியதும் அது தனியே எழும்பி வர, அதனடியில் விரல் பருமனில் மர ஆப்புகள் தெரிந்தன. அவற்றை உருவியபின் பக்கப் பலகைகள் தாமாகவே விலகின. பிரிக்கும்போதே ஒவ்வொரு இணைப்பிலும் சாக்கட்டியால் எண் போட்டுக்கொண்டது, திரும்பப் பூட்டுகையில் பேருதவியாக இருந்தது. பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றும் யோசனை தேவைப்படவில்லை. கைப்பிடிச் சுவரின் பலம் தெரியாத வீட்டில் அதை நான் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

பீரோவைக் காலிசெய்து, கதவைக் கயிற்றால் இறுகக் கட்டி, சாக்கு விரித்து ஆட்கள் ஏற்றினார்கள். எதிர்பாராதது அதற்குப் பிறகுதான்: கதவு பூட்டவில்லை. வழியில் நசுங்கிவிட்டதோ என்று பதறினோம். ஆனால் புது வீட்டுத் தரையின் சரிவால் சட்டம் லேசாக முறுக்கியிருந்ததுதான் காரணம். தாழ்ந்திருந்த காலுக்கடியில் மெல்லிய மரச்சில்லு ஒன்றை வைத்ததும் சாவி சுலபமாகத் திரும்பியது.