கடன் மறுஆய்வில் இருக்கும்போது கார் இன்சூரன்ஸ்

கேள்வி (டர்பன், தென்னாப்பிரிக்கா): கடன் மறுஆய்வில் (கட்ட முடியாத கடன்களை ஆலோசகர் வழியாகக் கட்டக்கூடிய தவணைகளாக மாற்றும் ஏற்பாடு) இருக்கிறேன். வங்கிக் கடன் தீராத காருக்கு வேறு கம்பெனியில் இன்சூரன்ஸ் எடுக்கலாமா?

பதில் 1: தாராளமாக எடுக்கலாம், தம்பி. தேசியக் கடன் சட்டத்தின் 88-ஆம் பிரிவு தடுப்பது புதுக் கடனைத்தான். மாதப் பிரீமியம் கடனாகாது. ஆண்டுப் பிரீமியத்துக்குக் கடன் வாங்கித் தவணை கட்டுவதுதான் சிக்கல், அதைத் தொடவே வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனி உங்கள் கடன் நிலையைக் கேட்டால் மறைக்காதீர்கள். விபத்துக்குப் பிறகு இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

பதில் 2: அண்ணா சொன்னது சரி. புதிய பாலிசி தொடங்கும்வரை பழையதை ரத்து செய்யாதீர்கள். பிரீமியத்தைக் கடன் ஆலோசகர் போடும் பட்ஜெட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். டெபிட் ஆர்டர் (கணக்கிலிருந்து பிரீமியத்தைத் தானாக எடுப்பது) சம்பள நாளிலேயே போகட்டும், பணமில்லாமல் திரும்பினால் காப்பே போய்விடலாம்.

பதில் 3: கடனோடு ஒட்டிவரும் ஆயுள் காப்பீட்டையும் பாருங்கள். 2017 ஆகஸ்டுக்குப் பின் வாங்கிய பிணையில்லாக் கடனுக்கு, கடனில் 1,000 ராண்டுக்கு மாதம் 4.50 ராண்டுதான் அந்தக் காப்பீட்டுப் பிரீமியத்தின் உச்சவரம்பு.