அரசாங்கம் கொடுத்த தாளை அரசாங்கத்துக்கே நகலெடுத்துக் கொடுக்க வேண்டுமா?

சிப்புட்காரன்:
மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டிக்கு உதவித்தொகை மனு நிரப்பிக் கொடுத்தேன். ஐசி (அடையாள அட்டை) நகல், தாத்தாவின் இறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம் எல்லாம் கேட்டார்கள். மூன்றுமே அரசாங்கம் கொடுத்ததுதான். சில்லு பதித்த மைகாட் ஐசி வந்தது 2001-இல். இன்னும் ஏன் இந்த நகலெடுக்கும் வேலை? 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் எல்லாருக்கும் சாரா என்ற உதவித் திட்டத்தில் 100 ரிங்கிட் கொடுத்தார்களே, யாராவது மனு போட்டோமா? கடையில் அட்டையை நீட்டி அரிசி வாங்கினோம். இலாகாக்கள் தங்கள் பதிவுகளை இணைத்துக்கொள்ளட்டும், எல்லா உதவியும் அப்படி வரட்டும்.

தோட்டத்து மகள்:
அண்ணே, அந்த முதல் நாள் சிஸ்டம் நெரிசலில் திணறி, கூடையோடு ஜனங்கள் நின்றதை மறக்க வேண்டாம். அது போகட்டும், என் பயம் வேறு. எங்கள் அப்பா பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், சேமநிதியில் இன்னொரு விதம். அந்தக் காலத்துக் கிராணி காதில் விழுந்ததை எழுதி வைத்தார். கவுண்டரில் இருக்கும் அம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ‘ஒரே ஆள்தான்’ என்று முத்திரை குத்துவார். கணினி ‘பொருந்தவில்லை’ என்று தள்ளிவிட்டால் எங்கே போய் முறையிடுவது?

கணினிப் பையன்:
அக்கா, பெயரை வைத்துப் பொருத்தினால் நீங்கள் சொல்வது நடக்கும். 12 இலக்க ஐசி எண்ணை வைத்துப் பொருத்தினால் எழுத்து மாறினாலும் ஆள் மாறாது. 2024 ஜனவரி 2-இல் பாடு என்ற அரசாங்கத் தரவுத் தளத்தைத் திறந்து, மார்ச் 31-க்குள் விவரங்களைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். அங்கேதான் கோளாறு. இலாகாக்கள் தங்களுக்குள் கேட்டு வாங்க வேண்டியதை மக்களைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். இப்போது தரவுப் பகிர்வுச் சட்டம் 2025 ஏப்ரல் 28 முதல் நடப்பில் இருக்கிறது. இனி சாக்கு இல்லை.

தோட்டத்து மகள்:
அந்தச் சட்டம் கூட்டரசு இலாகாக்களுக்கு மட்டும்தான் தம்பி. நிலம் மாநிலத்தின் கையில். தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்குத் தலைபோகிற பிரச்சினையே வீட்டு நிலம்தானே! இன்னொன்று, 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. என் கோப்பை யார் திறந்து பார்த்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கணினிப் பையன்:
எஸ்டோனியாவில் தெரியும். 2001-இலேயே இலாகாக்களை எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பு வழியாக இணைத்தார்கள். தன் விவரத்தை யார் பார்த்தார் என்பதை அங்கே குடிமக்கள் இணையத்தில் பார்க்கலாம். நாமும் அதைக் கேட்போம். அதற்காக இணைப்பே வேண்டாம் என்றால் பாட்டி நகல் கடைக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

சிப்புட்காரன்:
இணைத்துவிட்டால் கவுண்டரை மூட வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. ஈப்போவுக்குப் பஸ் ஏறுவதே வயசானவர்களுக்குப் பெரிய பாடு.

தோட்டத்து மகள்:
அப்படியானால் வரிசையை மாற்றுங்கள். தேசியப் பதிவிலாகா மெக்கார் என்ற நடமாடும் சேவைத் திட்டத்தில் ஊர் ஊராக வருகிறது. அந்த வண்டி தோட்டத்துக் கோயில் வாசலுக்கு வரும்போதே பெயரையும் பழைய ஐசி எண்ணையும் சரிபார்த்துத் திருத்தட்டும். குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசியோடு (நிரந்தரவாசி அட்டை) இருக்கும் கிழவிகளின் குடியுரிமை மனு எந்த நிலையில் இருக்கிறது என்றும் அங்கேயே சொல்லட்டும். அதன் பிறகு இணையுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன்.

சிப்புட்காரன்:
திருத்தம் முடியட்டும் என்றால் இன்னும் பத்து வருஷம் ஓடிவிடும். இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். வட்டாரத் தொகுதி அலுவலகத்துக்கு மனு எழுதுகிறேன், மெக்கார் கோரிக்கையை முதல் பத்தியாகவே போடுகிறேன். யார் யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்?