அப்பாவோடு நாலு நாள் மும்பை: எந்த ஏரியாவில் ரூம் போடலாம்?

தென்காசிச் சாரல் கேட்கிறார்:

வணக்கம். ஜனவரி கடைசியில் நாலு நாள் மும்பை போகிறோம். நான், அப்பா (74), அம்மா (68), ஆறாம் வகுப்பு படிக்கிற என் பையன். போவதற்கு நாகர்கோவில் – மும்பை எக்ஸ்பிரஸ், திரும்பி வர விமானம். ரெண்டு டிக்கெட்டும் போட்டாச்சு. தங்குகிற இடம் மட்டும் முடிவாகவில்லை.

கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா 1971லிருந்து 1982 வரை தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒரே அறையில் ஊர்க்காரர்கள் ஏழு பேர். ராத்திரி வேலைக்குப் போனவர் காலையில் திரும்பி வந்தால்தான் அவர் பாயில் படுத்திருந்தவர் எழுந்திருப்பாராம். தாத்தா இறந்த தகவல் வந்து ஊருக்கு வந்தவர், குடும்பத்தைப் பார்க்க ஆள் இல்லாமல் இங்கேயே நின்றுவிட்டார். இப்போது இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆபரேஷனுக்கு நாள் பார்க்கச் சொன்னார் டாக்டர். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், "அதுக்கு முன்னாடி ஒரு தடவ பம்பாயப் பாத்துட்டு வந்துருதேன்" என்றார். எங்கேயாவது கூட்டிப்போகச் சொல்லி அவர் வாயைத் திறந்ததே கிடையாது.

செயலியில் பார்த்ததில் அந்தேரி கிழக்கில் விமான நிலையம் பக்கம் 2,200க்கு நல்ல அறை கிடைக்கிறது. வாஷியில் இன்னும் குறைவு. ஃபோர்ட் பக்கம் 3,800க்குக் கீழே ஒன்றும் சரியில்லை. சித்தப்பா மகன் மாட்டுங்காவில் பார் என்கிறான். பையனுக்குக் கடலும் கேட்வேயும் பார்க்கணும். அம்மாவுக்குச் சர்க்கரை, வேளைக்குச் சாப்பிட்டாகணும், அதுவும் இட்லியோ சோறோ இருந்தால்தான் இறங்கும். அப்பாவுக்குத் தாராவி. இந்த மூணுக்கும் தோதாக எந்த ஏரியா? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

மாட்டுங்கா மாமி:

சாரல், முதலில் அந்த அந்தேரியையும் வாஷியையும் விட்டுடும்மா. இந்த ஊரில் கிலோமீட்டரைப் பார்த்து ரூம் எடுக்கக் கூடாது. எந்த நேரத்தில் எந்தத் திசைக்குப் போகணும் என்று பார்த்துத்தான் எடுக்கணும். காலையில் எட்டு மணியிலிருந்து பதினோரு மணி வரைக்கும் மொத்த ஊரும் வடக்கேயிருந்து தெற்கே வேலைக்குப் போகும். சாயங்காலம் அப்படியே திரும்பும். அந்தேரியில் தங்கினால் தினமும் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் நீங்களும் போய் வரணும். ஸ்டேஷனில் வண்டி அரை நிமிஷம்கூட நிற்காது. முழங்கால் தேய்ந்த மனுஷர் அதில் எப்படி ஏறுவார், எப்படி இறங்குவார்? டாக்சியில் போனாலோ பாதி நாள் சாலையிலேயே போய்விடும்.

நான் பிறந்தது, வளர்ந்தது, பேங்க் வேலையில் ரிடையர் ஆனது எல்லாம் மாட்டுங்கா கிழக்கில்தான். அதனால் கொஞ்சம் பாசத்தோடு சொல்கிறேன், அதையும் கணக்கில் எடுத்துக்கோ. உங்க அம்மாவை நினைத்தால் எனக்கு வேறு இடம் தோணவே இல்லை. ஸ்டேஷனுக்கு எதிரே 1942லிருந்து ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் இருக்கு, வாழையிலையில் சாப்பாடு போடுவார்கள். ஆனால் அது மாடியில். அப்பா படி ஏற முடியாத நாளில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கஃபே மெட்ராஸுக்குப் போங்கள், வரிசையில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கும். பூக்கடைகளில் கட்டின பூ வாங்கலாம், தமிழிலேயே விலை கேட்கலாம். ஆஸ்திக சமாஜம் கோயில் நடக்கிற தூரம். சாயங்காலம் ஃபைவ் கார்டன்ஸில் பெரியவங்க பெஞ்சில் உட்காரலாம், பையன் ஓடியாடட்டும்.

தாராவிக்கு இங்கிருந்து டாக்சியில் கொஞ்ச தூரம்தான். ஒன்று மட்டும் கவனம்: சயான் ஸ்டேஷன் மேல் இருந்த பழைய பாலத்தை 2024 ஆகஸ்டில் மூடினார்கள், இடித்துப் புதிதாகக் கட்டுகிற வேலை. நீங்கள் போகிற அன்றைக்கு எந்த வழி திறந்திருக்கு என்று ஏறும்போதே டிரைவரிடம் கேட்டுடு.

குறையையும் சொல்லணும். மாட்டுங்காவில் லாட்ஜ் குறைவு. கிடைக்காவிட்டால் சயானிலோ தாதர் கிழக்கிலோ பாருங்கள். ஆட்டோ சயானைத் தாண்டித் தெற்கே வராது, இங்கே எல்லாம் டாக்சிதான். மாட்டுங்கா ஸ்டேஷனில் ஸ்லோ வண்டி மட்டும்தான் நிற்கும். வி.டி. (இப்போது சி.எஸ்.எம்.டி. என்கிற பெரிய ஸ்டேஷன்) போக கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஹார்பர் லைன் இருக்கு, மதியம் போனால் உட்கார இடம் கிடைக்கும்.

இன்னொன்று. அப்பா அந்தப் பழைய பிரீமியர் பத்மினி டாக்சியைத் தேடுவார். 2023 அக்டோபரோடு அதன் ஓட்டம் முடிந்தது. மாடி பஸ்ஸில் அந்தப் பழைய டீசல் வண்டிகளும் அதே வருஷம் செப்டம்பரில் போய்விட்டன. இதை வரும் முன்னாடியே அவரிடம் சொல்லி வை. ஸ்டேஷன் வாசலில் நின்று தேடி ஏமாற வேண்டாம்.

கோட்டைத் தெரு:

மாமி சொன்ன கூட்டத்தின் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. அதே கணக்கை வைத்துத்தான் நான் ஃபோர்ட் என்கிறேன். தெற்கு முனையில் தங்கினால் காலையில் நீங்கள் வடக்கே போவீர்கள், கூட்டம் உங்களுக்கு எதிர்த்திசையில் வரும். ஒன்பது வருஷம் அங்கே ஒரு ஷிப்பிங் ஆபீஸில் இருந்தேன். காலை ஒன்பதரைக்கு வடக்கே போகிற லோக்கலில் ஜன்னல் சீட்டே கிடைக்கும்.

அக்கா, நீங்கள் இறங்குகிற ஸ்டேஷனே அங்கேதான் இருக்கு. ரெண்டு பகல் ரயிலில் உட்கார்ந்து வந்த பெரியவர்களை மறுபடி ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். கேட்வே, மியூசியம், மெரைன் டிரைவ் எல்லாம் கைக்கெட்டும் தூரம். மெரைன் டிரைவில் சாயங்காலம் ஐந்தரைக்கே போய் அந்தச் சுவரில் இடம் பிடித்துவிடுங்கள், உங்க பையன் அந்தக் கடலை மறக்கவே மாட்டான்.

முக்கியமான விஷயம் மெட்ரோ. கஃப் பரேடிலிருந்து ஆரே வரை சுரங்க லைன் 2025 அக்டோபரில் முழுசாகத் திறந்தாச்சு. லிஃப்ட் இருக்கு, எஸ்கலேட்டர் இருக்கு, படியோடு போராட வேண்டாம். ஃபோர்ட்டில் ஹுதாத்மா சௌக் ஸ்டேஷனில் ஏறினால் சித்திவிநாயக்கில் இறங்கிக் கும்பிடலாம். அதே லைனில் தாதர் தாண்டி தாராவி என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கு. 82இல் கிளம்பிப் போனவர் தரைக்கடியில் வந்து தாராவியில் இறங்கட்டுமே! ஸ்டேஷன் மேற்கு ஓரத்தில் இருப்பதால் 90 அடி சாலைப் பக்கம் போக வண்டி பிடிக்கணும், அவ்வளவுதான். திரும்பும்போது விமான நிலையத்துக்கும் இதே லைன்.

ஃபோர்ட்டில் ரூம் போடும்போது ஏமாறுகிற இடம் லிஃப்ட். பழைய கட்டடங்களில் மூணாவது நாலாவது மாடியில் லாட்ஜ் நடத்துவார்கள், செங்குத்தான மரப்படி. படத்தில் கட்டில் மட்டும்தான் தெரியும். போன் போட்டு, லிஃப்ட் இருக்கா, அது எந்த மாடி வரை வரும், தெருவிலிருந்து லிஃப்டுக்கே எத்தனை படி என்று மூணையும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்கள் மூடியிருக்கும், நடக்க அருமையான நாள், ஆனால் சாப்பாட்டுக் கடையும் பாதி மூடிவிடும். அம்மாவுக்கு அன்றைக்கு முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிக்கோங்க.

தென்காசிச் சாரல்:

மாமி, தம்பி, ரொம்ப நன்றி. ரெண்டையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பத்மினி டாக்சி இல்லை என்றதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்ப எதுல போவாங்க?" என்றார்.

ரெண்டு ராத்திரி மாட்டுங்கா, ரெண்டு ராத்திரி ஃபோர்ட் என்று பிரித்துத் தங்கலாமா? நடுவில் எங்க வீட்டுக்காரரின் அலுவலக நண்பர் பரேலில் ரூம் மலிவாகக் கிடைக்கும், ஊருக்கு நடுவில் என்கிறார்.

கீழவாசல்:

பரேல் வேண்டாம் சகோதரி. அண்ணனின் சிகிச்சைக்காக அங்கே மூணு மாதம் இருந்தேன். டாடா மெமோரியல், கே.இ.எம். ரெண்டு பெரிய ஆஸ்பத்திரியும் அங்கேதான். சுற்றியிருக்கிற மலிவு அறைகள் நாடு முழுவதிலுமிருந்து வருகிற நோயாளிகளுக்கே போதாது. அறை கிடைக்காமல் நடைபாதையில் தலையணை போட்டுப் படுத்திருக்கிற குடும்பங்களை ராத்திரி தாண்டித்தான் நான் டீ வாங்கப் போவேன். வேறு இடத்தில் தங்க வசதி உள்ளவர்கள் அந்த அறைகளை விட்டுக்கொடுத்தால் அவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இடம் மாற்றுவதும் வேண்டாம் என்பேன். நாலு நாளில் பெட்டி கட்டி, ஒரு இடத்தைக் காலி செய்து, அடுத்த இடத்தில் அறை தருகிற நேரம் வரை வரவேற்பறையில் காத்திருந்து... அதிலேயே ஒரு பகல் போய்விடும். முழங்கால் வலிக்காரர் மதியம் வந்து ரெண்டு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க முடிகிற இடமாக ஒன்றே ஒன்று எடுங்கள். அப்புறம், எலிஃபண்டா தீவுக்குப் போகிற யோசனை இருந்தால் அப்பாவுக்காக விட்டுவிடுங்கள். படகு ஒரு மணி நேரம், மேலே குகைக்குச் சுமார் 120 படி. பையன் கேட்டால் நீங்கள் ரெண்டு பேரும் மட்டும் போய் வாருங்கள், திங்கள் தவிர.

மாட்டுங்கா மாமி:

படி, லிஃப்ட், மெட்ரோ என்று பார்த்தால் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கு. எனக்கு மெட்ரோ பழக்கம் இன்னும் வரவில்லை, அதனால் அந்தக் கோணமே தோணலை. கீழவாசல் சொல்கிற மதியத் தூக்கம்தான் முக்கியம். தினமும் அதிகமாகப் போக வேண்டியது எங்கே என்று அப்பாவையே கேட்டுடேன் சாரல். கேட்வேயை ஒரு நாளில் பார்த்துடலாம். பதினோரு வருஷம் இருந்த இடத்தை ஒரு தடவை பார்த்தால் அவருக்குப் போதுமா?

தென்காசிச் சாரல்:

மாமி, நீங்கள் சொன்னபடி அப்பாவிடமே கேட்டேன். தாராவிக்கு ஒரு தடவை போதாது, ஒரு நாள் காலையில், ஒரு நாள் சாயங்காலம் போகணும் என்றார். காலையில் தோல் காயப்போடுகிற இடம், சாயங்காலம் பிள்ளையார் கோயில். பட்டறை இருக்காது என்று அவருக்கே தெரிகிறது. "அந்த வளைவு இருக்கும்லா, அது போதும்" என்றார்.

பிறகு அவராகவே ஒன்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்து போவாராம், ஒரே ஒரு காபி குடிக்க. பூக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி நடப்பாராம். ஒரு ராத்திரிகூட அங்கே தங்கியதில்லை, அங்கே தங்குவோம் என்று நினைத்ததும் இல்லையாம். இதை அம்மாவே இப்போதுதான் கேட்கிறாள்.

மாட்டுங்காவையே எடுத்துவிட்டேன். கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் பக்கம், ஒரு நாளைக்கு 3,100. போன் போட்டுத் தம்பி சொன்ன மூணு கேள்வியும் கேட்டேன்: லிஃப்ட் உண்டு, ரெண்டாவது மாடி, வாசலில் ரெண்டே படி. கேட்வேக்குப் போகிற நாள் மட்டும் தாதர் வரை டாக்சி, அங்கிருந்து மெட்ரோ. மாமி, அந்தப் பூக்கடைகள் காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று சொல்லுங்கள். அப்பா கேட்கச் சொன்னார்.