பிவட் டேபிளில் தேதி மாதவாரியாகப் பிரியவில்லை, தொகை கூட்டவும் மாட்டேன் என்கிறது

கேள்வி:
எக்செல் 2016. பில்லிங் மென்பொருளில் எடுத்த சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட்) கோப்பு, 2023 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை. பிவட்டில் (டேட்டாவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணையில்) தேதியை ரைட் கிளிக் செய்து குரூப் கொடுத்தால் 'கேனாட் குரூப் தட் செலக்‌ஷன்'. தொகையை வேல்யூஸில் போட்டால் சம் (கூட்டுத்தொகை) வராமல் கவுன்ட் (எண்ணிக்கை) வருகிறது. மாதவாரி சார்ட் வேண்டும்.

பதில் 1:
பிவட் மேல் தப்பில்லை. தேதி, தொகை இரண்டு காலத்திலும் (column, நெடுவரிசை) எண் மாதிரி தெரிகிற டெக்ஸ்டோ காலி செல்லோ இருக்கிறது. அலைன்மென்ட் எதுவும் வைக்காமல் பாருங்கள்: நிஜ எண்ணும் தேதியும் வலப்பக்கம் ஒட்டும், டெக்ஸ்ட் இடப்பக்கம். தொகை காலத்தைத் தேர்ந்து டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ், அப்படியே ஃபினிஷ். பிவட்டுக்கு முழுக் காலத்தையும் கொடுத்தால் கீழே உள்ள காலி வரிசைகளும் சேர்ந்துவிடும். கன்ட்ரோல் + டி போட்டு டேபிளாக்கி அதைக் கொடுங்கள். பிறகு ரிஃப்ரெஷ். ஏற்கெனவே கவுன்ட் ஆன ஃபீல்டு தானாக மாறாது, எடுத்துவிட்டு மறுபடி இழுங்கள்.

பதில் 2:
தேதிக்கு அவசரப்படாதீர்கள். கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருந்தால் 13/04/2024 டெக்ஸ்டாக நிற்கும், 05/04/2024 சத்தமில்லாமல் மே 4 ஆகிவிடும். முதலாவதை அந்த எர்ரரே காட்டிக்கொடுக்கும், இரண்டாவதுதான் ஆபத்து. வலப்பக்கம் ஒட்டிய தேதிகளில் மூல பில்லின்படி எல்லாமே 12ஆம் தேதிக்குள் என்றால் இதுதான் கதை. சிஎஸ்வியை டபுள் கிளிக்கில் திறக்காமல், டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட் வழியாக எடுத்து மூன்றாம் திரையில் தேதி காலத்துக்கு டிஎம்ஒய் (நாள், மாதம், வருஷம்) கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அதேதான் சார், சரியாகிவிட்டது. ஆனால் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 12 மாதம்தான் வருகிறது. ஜனவரியில் வேறு தொடங்குகிறது.

பதில் 1:
குரூப்பில் மன்த்ஸோடு இயர்ஸையும் தேர்ந்தெடுங்கள், 24 மாதமும் வரிசையாக வரும். இரண்டு நிதியாண்டையும் ஒப்பிட வேண்டுமானால் மூல டேட்டாவில் ஒரு காலம் சேருங்கள்: தேதியின் வருஷம், மாதம் 4-க்குக் கீழ் என்றால் அதில் 1 குறைவு. அதைக் காலம்ஸிலும் மாதத்தை மட்டும் ரோஸிலும் வையுங்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றையும் அதே வரிசையில் ரைட் கிளிக், மூவ், மூவ் டு எண்ட்.

பதில் 2:
சார்ட்டுக்கு லைன் போதும், நிதியாண்டுக்கு ஒரு கோடு. காலம் சார்ட்தான் (நிமிர்ந்த பட்டைகள்) வேண்டுமென்றால் அச்சு 0-இல் தொடங்கட்டும். 8 லட்சத்தில் தொடங்கினால் 9 லட்சமும் 10 லட்சமும் ஒன்றுக்கு இரண்டு மடங்காகத் தெரியும். சாம்பல் நிற ஃபீல்டு பட்டன்களை ரைட் கிளிக் செய்து ஹைட் ஆல் கொடுத்துவிடுங்கள்.