கார் வீல் 15 இன்ச்சிலிருந்து 17: ஓட்டத்தில் என்ன மாறுகிறது?

இரவுப்பயணி:
வண்டியோடு வந்த டயர் 185/65 ஆர்15. போன மாதம் 17 இன்ச் அலாய் வீலுக்கு, 205/45 ஆர்17 டயருக்கு மாறினேன். ஸ்டியரிங்கைத் தொட்டதுமே திரும்புகிறது, வளைவில் முன்பிருந்த ஆட்டம் இல்லை. "கம்பெனி சைஸைத் தொடாதே" என்று பயமுறுத்துகிறவர்கள் ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசட்டும். மொத்த விட்டம் 621 மி.மீ.யிலிருந்து 616-க்கு வந்திருக்கிறது. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை.

கிரீஸ்கை:
விட்டம் சரி. பக்கச்சுவர், அதாவது ரிம்முக்கும் தரைக்கும் நடுவிலுள்ள ரப்பரின் உயரம்? டயர் அகலம் 185 மி.மீ., அதில் 65 சதவீதம் 120 மி.மீ. 205-இல் 45 சதவீதம் 92. குழியில் இறங்கும்போது அடி வாங்க இருந்த ரப்பரில் 28 மி.மீ. காணோம். அந்த அடி இனி ரிம்முக்குத்தான். வளைவில் ஆட்டம் குறைந்ததற்கும் இதேதான் காரணம், அதை மறுக்கவில்லை. நல்ல ரோட்டில் மட்டும் ஓட்டினால் சந்தோஷமாக இருங்கள்.

இரவுப்பயணி:
அலாய் எடை குறைவு. அந்த லாபத்தை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை?

கிரீஸ்கை:
தராசில் வைத்துப் பார்த்தீர்களா? 15 இன்ச் இரும்பு வீலைவிடக் கனமான 17 இன்ச் அலாய் நிறைய உண்டு. அப்புறம், ரிம் பெரிதானால் கனம் நடுவிலிருந்து வெளியே தள்ளிப்போகிறது. அதைச் சுழற்ற இன்ஜினுக்கும், நிறுத்த பிரேக்குக்கும் வேலை கூடும். சிக்னலில் நின்று கிளம்பும்போது தெரியும்.

மூன்றாம்கியர்:
நான் ரிம்மை மாற்றவில்லை. அதே 15-இல் 205/65 போட்டேன். குழியெல்லாம் மெத்தை மாதிரி இருக்கிறது, தரையிலிருந்து 13 மி.மீ. உயரமும் கிடைத்தது. ஆனால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் முன் வீலுக்குள்ளிருந்து கரகரவென்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன், உள் பிளாஸ்டிக்கில் விரல் அகலத்துக்குத் தேய்ந்து பளபளக்கிறது. மைலேஜும் 18-லிருந்து 17.2 ஆகிவிட்டது.

ஸ்டெப்னி:
மைலேஜை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் டயர் விட்டம் இப்போது 647 மி.மீ., அதாவது 4 சதவீதம் பெரிது. வீல் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகிறது, ஓடோமீட்டரோ பழைய கணக்கிலேயே எண்ணுகிறது. 17.2-ஐ 1.04-ஆல் பெருக்குங்கள், 17.9 வரும். விழுந்தது மைலேஜ் இல்லை, கணக்கு. ஆனால் ஸ்பீடோமீட்டரும் அதே மாதிரிதான் ஏமாற்றும். முள் முன்பு 100 காட்டிய இடத்தில் இப்போது 96 காட்டும். பெரும்பாலான வண்டிகளில் அது கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் வரும், அந்தக் கூடுதலை நீங்கள் தின்றுவிட்டீர்கள். அந்தக் கரகரவைச் சும்மா விடாதீர்கள். பின் சீட்டில் மூன்று பேர் ஏறினால் பின்பக்கமும் உரசுகிறதா பாருங்கள்.

இரவுப்பயணி:
அப்போ என் சைஸ்தான் சரி என்கிறீர்கள்!

ஸ்டெப்னி:
அவசரப்படாதீர்கள். பக்கச்சுவரில் சைஸுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். பழைய டயரில் என்ன, புதியதில் என்ன?

இரவுப்பயணி:
கீழே போய்ப் பார்த்தேன். பழையதில் 88 எச். புதியதில் 84 வி. வி என்றால் எச்சைவிட அதிக வேகம் தாங்கும், நல்லதுதானே?

ஸ்டெப்னி:
எழுத்து வேகம், எண் சுமை. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500. வீலுக்கு 60 கிலோ குறைந்துவிட்டது. தனியாக ஓட்டும்போது தெரியாது. குடும்பம், பெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு வெயிலில் நெடுந்தூரம் போகும்போதுதான் சிக்கல்.

கிரீஸ்கை:
இது எனக்கே தோன்றவில்லை. இதே சைஸில் 88 போட்ட எக்ஸ்.எல்., அதாவது கூடுதல் சுமை தாங்கும் டயர் கிடைக்கும். அந்த 560-ஐத் தாங்க அதற்குக் காற்று கூடுதலாக வேண்டும், கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கும் அளவு போதாது. அப்போது இன்னும் தூக்கிப் போடும்.

இரவுப்பயணி:
ரிம்மை விட மாட்டேன். டயரை மாற்றுகிறேன். அடுத்த வாரம் ஐந்து பேராக ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது, அதற்கு மட்டும் பழைய 15 இன்ச் செட்டை மாட்டிக்கொள்கிறேன்.