50 ஆயிரம் ரூபாய் கோல்ஃப் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டித் தட்டுகிற மட்டை): கையில் பிடித்துப் பார்த்தவர்கள், வாங்கினவர்கள் அனுபவம் சொல்லுங்க

பல்லடத்தான்

போன மாதம் நூல் விஷயமாக பெங்களூர் போனபோது ஒரு கோல்ஃப் கடைக்குள் நுழைந்தேன். கிளவ் வாங்கத்தான் போனேன். சுவரோரமாக பட்டர்கள் வரிசையாக நின்றன, கடைப் பையன் ஒரு ஸ்காட்டி கேமரன் கம்பெனி பட்டரை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான், நியூபோர்ட் வகை, விலை 50 ஆயிரத்தை ஒட்டி. கடைக்குள்ளேயே பச்சைக் கார்ப்பெட் விரித்து 10 அடியில் ஒரு குழி. ஆறு பந்து போட்டேன், ஐந்து விழுந்தது.

விழுந்ததுகூடப் பெரிதில்லை, அந்தச் சத்தம்தான் இன்னும் போகமாட்டேன் என்கிறது. என்னுடையது செட்டோடு வந்த பட்டர், மூன்று வருடமாக அதுதான், பந்து பட்டால் தகரத்தைச் சுண்டின மாதிரி ஒரு சத்தம், நடுவில் பட்டதா ஓரத்தில் பட்டதா என்று கைக்கே தெரியாது. இதில் 'தொக்'கென்று ஒரு சத்தம், வழுக்கை பதத்துக்கு வந்த இளநீரைத் தட்டினால் வருமே அப்படி, பந்து கிளம்பும்போதே உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது விழப்போகிறது என்று.

வாங்காமல் வந்துவிட்டேன். இப்போ செட்டிபாளையம் கோர்ஸில் ஒவ்வொரு கிரீனிலும் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்தரை) குனிந்தால் அந்தச் சத்தம் ஞாபகம் வருகிறது, நாலடி தவறினால் என் பட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஹேண்டிகேப் 22, சுமாரான ஆட்டம்தான், 18 குழி கொண்ட ஒரு ரவுண்டுக்கு 38, 40 பட் (பட்டரால் தட்டுகிற தட்டு) போகிறது. காசு புரட்டிவிடலாம். ஆனால் வாங்கியும் அதே 40 வந்தால் எனக்குத் தாங்காது. அதனால்தான் கேட்கிறேன்.

காரமடை ஒன்பது அயர்ன்

அண்ணா, நான் வாங்கினவன். 2022-இல், நீங்கள் சொல்லும் அதே வகை, 35 அங்குலம். கடையில் இருந்தது அந்த நீளம்தான், நானும் கேட்கவில்லை. என் உயரம் 5 அடி 4 அங்குலம்.

முதல் மாதம் சொர்க்கம். அப்புறம் ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாயில் இருந்து காற்று வரும்போது நம்ம கோர்ஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், குனிந்து நின்றால் பேண்ட் காலே படபடவென்று அடிக்கும். மாதாந்திர மெடல் போட்டி, 17-ஆவது கிரீன், மூன்றடி பட். அது விழுந்து கடைசி ஹோலையும் சமாளித்திருந்தால் என் வாழ்நாள் ஸ்கோர். காற்றுக்காகக் காலை அகட்டி, இன்னும் கொஞ்சம் தாழ்ந்து நின்றேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. பட்டரின் முன்மூக்கு தரையில் இல்லை. அடியில் வெளிச்சம் தெரிகிறது, ஒரு பத்து ரூபாய் நாணயத்தை நுழைக்கலாம். பார்த்தும் அடித்துவிட்டேன். இடது ஓரத்தைத் தொட்டுக்கொண்டு பந்து வெளியே போனது. மூக்கு தூக்கினால் பந்தில் படுகிற பட்டர் முகம் இடதுபக்கம் பார்க்கும் என்று அப்புறம்தான் ஒருத்தர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

33-க்கு வெட்டினேன். தலை லேசாகிப் போன மாதிரி இருந்தது, அடியில் இருக்கிற எடைத் திருகுகளைக் கனமானதாக மாற்றினேன், அதற்கும் தனிக் காசு. இப்போ ரவுண்டுக்கு 34, 35 பட். இது அந்த பட்டருக்குக் கொடுத்த 50 ஆயிரத்தால் வந்ததா, வெட்டின இரண்டு அங்குலத்தால் வந்ததா என்று கேட்டால், வெட்டினதால்தான் என்று சத்தியம் பண்ணுவேன்.

கணபதி லேத்

நான் கோவை கணபதியில் சிஎன்சி ஜாப் ஒர்க் பண்ணுகிறவன், பம்புக்கு வேண்டிய உருப்படிகள்தான் முக்கால்வாசி. கோல்ஃப் ஐந்து வருடமாக.

ஒரு சிநேகிதர் புதிதாக வாங்கின மில்லிங் பட்டரையும் (கட்டி உலோகத்தில் கடைந்தெடுத்தது) தன் பழைய நாலாயிரம் ரூபாய் வார்ப்பு பட்டரையும் ஒட்டுக்கா பட்டறைக்குக் கொண்டுவந்தார். சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமான சமதளப் பலகை) வைத்து, மேடுபள்ளம் காட்டுகிற டயல் கேஜை பட்டர் முகத்தின் குறுக்கே ஓட்டினேன். புதியதில் முள் அசையவே இல்லை. நான் தொழில்காரன், அந்த வேலையைப் பார்த்து மனசு நிறைந்துபோனது, ஒளிக்க மாட்டேன். பழையதில் பந்து படுகிற 20 மில்லிமீட்டர் அகலத்துக்குள் முள் 0.02 மில்லிமீட்டர் நகர்ந்தது. சிநேகிதர் "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று குதித்தார். நான் கால்குலேட்டரை எடுத்தேன். 20-க்கு 0.02 என்றால் 0.06 டிகிரிகூட வரவில்லை. 10 அடி தள்ளி அது மூன்று மில்லிமீட்டர். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர்.

அதே 10 அடியில் உங்கள் கை ஒரு டிகிரி திரும்பினால் பந்து இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலேயே விலகும், அதாவது குழியின் நடுவைப் பார்த்து அடித்தது ஓரத்துக்குப் போய்விடும். ஒரு டிகிரியை நம்மில் யாரும் கண்ணால் பார்க்க முடியாது. அப்போ எதைச் சரிபண்ண வேண்டும்?

பல்லடத்தார் சொன்ன நியூபோர்ட் இருக்கிறதே, அந்த வடிவம் 1966-இல் வந்த பிங் ஆன்சர் வழிதான். அதைச் செய்த கார்ஸ்டன் சோல்ஹைம் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த எஞ்சினியர். எடையை நடுவில் குவிக்காமல் இரண்டு கோடிக்கும் தள்ளினார், பந்து ஓரத்தில் பட்டாலும் தலை சுலபமாகத் திரும்பாது. ஆயில் எஞ்சினில் ஃப்ளைவீலுக்கு எடையை விளிம்பில் வைக்கிறோமே, அதே கணக்கு. இன்றைக்கு இந்த வடிவத்தை எல்லோரும் செய்கிறார்கள், ஐயாயிரத்துக்கும் கிடைக்கிறது.

அதனால் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்க. நீங்கள் நிற்கிறபடி நின்று, இடது கண்ணுக்கு நேர் கீழே ஒரு பந்தைக் கைவிடுங்க. அது பட் பந்தின் மேலேயோ அதற்கு ஓர் அங்குலம் உள்ளேயோ, அதாவது உங்கள் கால் பக்கமோ, விழ வேண்டும். இன்னும் உள்ளே விழுந்தால் பட்டர் நீளம். அடுத்து பட்டரின் முகத்தில் கொஞ்சம் முகப்பவுடர் தடவி பத்து பந்து அடித்துப் பாருங்க, தடம் எங்கே விழுகிறது என்று. தடம் சிதறினால் எந்த பட்டரும் உதவாது. அப்புறம் வீட்டில் ரெட் ஆக்சைடு தரை இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது, பட்டர் தலையைவிட ஒரு விரற்கடை அகலமாக இரண்டு தீப்பெட்டி வைத்து நடுவே பட்டரை ஓட்டுங்க, பெட்டி தொடக் கூடாது. பந்து போகிற வழியில் மூன்றடியில் இரண்டு நாணயம், பந்து நடுவே போக வேண்டும். தினம் 50 தரம், ஒரு மண்டலம். தண்டு சாய்மானம் பொருந்தாவிட்டால் ஸ்டீல் பட்டரைப் பதனமாக வளைக்கலாம், ஆனால் வீட்டில் வைஸில் போட்டு வளைக்காதீங்க, கழுத்து விரியும். நிமிர்த்துவதற்கும் எல்லை உண்டு, தண்டு செங்குத்தில் இருந்து 10 டிகிரியாவது சாய்ந்திருக்க வேண்டும் என்பது விதி. இதெல்லாம் செய்து முடித்து ஆசை இன்னும் இருந்தால் வாங்குங்க.

திருப்பூர் ரிப்

ஒரே ஒரு விஷயம். பழையது மலிவாக வருகிறது என்று ஆன்லைனில் பார்த்து வாங்கிவிடாதீங்க. நான் 18 ஆயிரம் அனுப்பினேன். இரண்டாவது வாரம் துண்டை வைத்துத் துடைக்கும்போது எழுத்தில் இருந்த சிவப்பு பெயிண்ட் துண்டோடு வந்துவிட்டது, போலி. அந்தச் சிவப்பு இன்னும் அந்தத் துண்டில் இருக்கிறது. அனுப்பினவர் நம்பர் அன்றைக்கே அணைந்துபோனது.

வெலிங்டன் அம்மிணி

லேத் அண்ணா, உங்கள் கணக்கு எல்லாம் சரி, நானும் ஈரோட்டில் ரெட் ஆக்சைடு தரையில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் கை உங்கள் பேச்சைக் கேட்கிறவர்களுக்கு மட்டும் பொருந்துகிற கணக்கு அது.

எனக்கு 2021-இல் யிப்ஸ் வந்தது. தெரியாதவர்களுக்கு: மூன்றடி, இரண்டடி பட்டில் பந்தைத் தொடப்போகிற நேரத்தில் வலது கை தானாக வெட்டும். பயத்தால் என்பார்கள், எனக்குப் பயம்கூட இல்லை, கைதான் வெட்டியது. அந்த ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நம்ம நாட்டு கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் ஆடினதை விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். தூரம் அடிப்பதில் மற்றவர்களுக்குப் பின்னால்தான் இருந்தார், பட்டிங்கை வைத்தே நாலாவது இடம் வரைக்கும் வந்தார். நான் டிவி முன்னால் அழுதேன், அதற்கு முந்தின நாள்தான் இரண்டடி பட் ஒன்று கை வெட்டி ஐந்தடி தாண்டிப் போனது. கூட ஆடின மூன்று பேரும் பேசாமல் பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்கள். அந்தக் குனிதலை இன்னும் மறக்க முடியவில்லை.

பிடியை மாற்றினேன், இடது கையைக் கீழே வைத்தேன், கண்ணை மூடிக்கூட அடித்தேன். அப்புறம் ஊட்டியில் ஒருவர் எல்.ஏ.பி. என்கிற கம்பெனியின் பட்டரை ஒரு ரவுண்டுக்குக் கொடுத்தார். பார்க்க அழகே இல்லை, அகலமான தட்டை வைத்த மாதிரி. ஆனால் அதை ஆட்டும்போது தலை திறந்து மூட முயற்சி பண்ணவே பண்ணாது, அதற்காகவே எடையைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கைக்கு வேலை இல்லை. ஆறாவது ஹோலில் மூன்றடி, கை வெட்டவில்லை. ஏழாவதில் வெட்டவில்லை. எட்டாவது வந்ததும் பந்தை எடுக்காமல் குழி பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

அமெரிக்காவில் 400 டாலருக்கு மேல், இங்கே வந்து சேர 50 ஆயிரத்தைத் தாண்டியது. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இல்லையென்றால் நான் ஆட்டத்தையே விட்டிருப்பேன். 2025 யு.எஸ். ஓப்பனில் ஜே.ஜே. ஸ்பான் கடைசி ஹோலில் 64 அடி பட்டை உள்ளே போட்டு ஜெயித்தாரே, அதுவும் எல்.ஏ.பி. பட்டர்தான்.

பை தூக்கினவன்

அக்கா, உங்கள் கை நின்றதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம், அதில் நான் எதுவும் சொல்ல வரவில்லை. ஸ்பான் விஷயத்தில் மட்டும் ஒன்று. அந்த ஹோலில் அவருக்கு முன்னால் விக்டர் ஹோவ்லேண்ட் ஏறக்குறைய அதே வழியில் பட் அடித்தார். பந்து எங்கே திரும்புகிறது, மழை பெய்த கிரீனில் எவ்வளவு வேகம் என்று ஸ்பான் நின்று பார்த்துவிட்டுத்தான் அடித்தார். மற்றவன் பந்தைப் பார்ப்பதற்கு எந்தக் கடையிலும் விலை இல்லை.

நான் காலேஜ் விடுமுறைகளில் கோல்ஃப் கேடியாக, ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்குகிறவனாக இருந்தவன், இப்போ வேறு வேலை. ஒரு பெரியவருக்குப் பை தூக்கினேன், பழைய மில் ஆள், எழுபது தாண்டியவர். அவரிடம் பித்தளை புல்ஸ் ஐ பட்டர் ஒன்று, கத்தி மாதிரி மெலிசு, கைபட்டுக் கைபட்டு எங்கள் ஆத்தா வீட்டுக் குத்துவிளக்கு நிறத்துக்கு வந்திருக்கும். இவர்கள் சொல்கிற ஃப்ளைவீல் எல்லாம் அதில் கிடையாது.

ஒரு நாள் 12 அடி பட். நான் "நேருங்க ஐயா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் தோளைப் பிடித்துக் குழி பக்கத்தில் உட்கார வைத்தார். "வெளிம்பைப் பாரு கண்ணு." பார்த்தேன். ஒரு பக்கம் வெட்டு சுத்தமாக இருந்தது, எதிர்ப்பக்கம் புல் காய்ந்து கிழிந்து சிலும்பிக்கொண்டு நின்றது. "புல்லு எந்தப் பக்கம் படுத்திருக்குதோ அந்தப் பக்கத்து ஓரந்தான் இப்படிக் கிழியும். பந்தை அது அங்க இழுக்கும்." அப்புறம் பின்னால் நடக்கவிட்டு நிறத்தைக் காட்டினார், பளபளவென்று தெரிந்தால் புல் நம்மை விட்டு அக்கட்டால சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும், கருத்துத் தெரிந்தால் எதிர்ப்பு. நேர் என்று நான் சொன்ன பட்டை ஒரு கை அகலம் தள்ளி அடித்தார். சுற்றிக்கொண்டு போய் விழுந்தது.

எத்தனையோ பேருக்குப் பை தூக்கியிருக்கிறேன். விலை கூடின பட்டர் வைத்திருந்தவர்களில் நன்றாகப் போட்டவர்களும் உண்டு. ஆனால் குழி வரைக்கும் நடந்துபோய் விளிம்பைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். நம்ம பெர்முடா புல் கிரீன்களில் புல் சாய்வு தெரியாமல் 10 அடிக்கு மேல் பட் போட முடியாது. பல்லடத்தண்ணா, கடைக் கார்ப்பெட்டில் புல் கிடையாதுங்க, சரிவும் கிடையாது. அங்கே ஐந்து விழுந்ததை வைத்து எதையும் முடிவு பண்ணாதீங்க.

காரமடை ஒன்பது அயர்ன்

தம்பி சொன்னது உண்மை. ஆனால் இரண்டடி, மூன்றடிக்குப் புல் சாய்வு பெரிதாக வராது, அங்கே அம்மிணி சொல்கிற மாதிரி கைதான். 8 அடி என்றால் அமெரிக்க டூர் ஆட்டக்காரர்களுக்கே ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் விழுகிறது. பல்லடத்தாருக்கு 40 பட் போவது எந்தத் தூரத்தில் என்று முதலில் தெரிய வேண்டாமா?

பல்லடத்தான்

எல்லோருக்கும் நன்றிங்க. காரமடையார் கேட்டதால் நேற்று ரவுண்டில் ஒவ்வொரு பட்டையும் கார்டு பின்னால் குறித்துக்கொண்டே வந்தேன். 39 பட். நாலடிக்குள் தவறினது இரண்டுதான். த்ரீ பட் (ஒரே ஹோலில் மூன்று பட்) ஆறு ஹோலில், ஆறிலும் முதல் பட் 30 அடிக்கு மேல், ஆறும் குழிக்கு ஐந்தடி முன்னாலேயே நின்றுபோனது. நான் இத்தனை நாளும் நாலடிதான் என் வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

12-ஆவது கிரீனில் குழி விளிம்பையும் உட்கார்ந்து பார்த்தேன். வடக்கு ஓரம் கிழிந்திருந்தது, தம்பி சொன்ன மாதிரியே.

முகப்பவுடர் தடமும் போட்டுப் பார்த்தாச்சு, பத்தில் ஏழு மூக்குப் பக்கம். லேத் அண்ணா, ஞாயிறு காலையில் கணபதி வருகிறேன், என் பட்டரை சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்துப் பாருங்க. பெங்களூர் கடைக்கு போன் போட்டு அந்த நியூபோர்ட் 33 அங்குலத்தில் வருமா என்றும் கேட்டு வைத்திருக்கிறேன். வரும் என்றார்கள்.