தானா மொளச்சத வெட்டி கூடை மொடஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? பெங்களூர் அனுபவம் மட்டும்

அல்சூர் அக்கா:

கடையில பிரம்பு வாங்கி, ஒயர் வாங்கி பின்றத நான் கேக்கல, அதுக்கு யூட்யூப்ல வீடியோ கொட்டிக் கெடக்கு. தானா மொளச்சு கெடக்குற செடிய வெட்டிட்டு வந்து பின்னிருக்கீங்களா, எது வளைஞ்சுச்சு, எது பட்டுனு ஒடஞ்சுச்சு, யார் கத்துக்குடுத்தாங்க, அத எழுதுங்க. ரிசார்ட்ல ஒர்க்‌ஷாப் போய் ஃபோட்டோ எடுத்த கதையெல்லாம் வேற எடத்துல வச்சுக்கலாம்.

என்னோடது உண்ணிச்செடி. லாண்டனான்னு சொல்லுவாங்களே, ரயில்வே லைன் ஓரம், காலி சைட்டு, துரஹள்ளி காடுன்னு எங்க பாத்தாலும் மஞ்சளும் ரோஸுமா பூத்து நிக்குமே அதேதான். 2024 பிப்ரவரில லால்பாக்ல இந்தக் குச்சியில செஞ்ச யானைங்கள கூட்டமா நிறுத்தி வச்சிருந்தாங்க, நெஜ யானை சைஸுல. நம்ம கூடலூர் பக்கத்து பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஜனங்க கையால செஞ்சது. எல்லாரும் தும்பிக்கை பக்கம் நின்னு செல்ஃபி எடுத்துட்டு இருக்க, நான் வயித்துக்கு கீழ குனிஞ்சு குச்சிய எப்படி திருப்பியிருக்காங்கன்னு பாத்துட்டு இருந்தேன், வீட்டுக்காரருக்கு ஒரே வெக்கம். உள்ள இரும்புக் கம்பில கூடு, மேல பட்டை உரிச்ச குச்சி, அவ்ளோதான். ஆனா அந்த வளைவு பச்சைக் குச்சில வராதே, அது எப்படின்னு மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு.

தளி பக்கம் எங்க சொந்தக்காரங்க தோட்டத்துல வேலி ஓரம் பூரா உண்ணிதான், எப்படியும் வெட்டி எரிக்கிறதுதான். அங்க வேலை பாக்குற அம்மா முன்னாடி மாதேஸ்வரன் மலை அடிவாரத்துல இருந்தவங்க. அந்த மலையில சோலிகர் ஜனங்களுக்கு ஏட்ரீன்னு பெங்களூர் அமைப்பு ஒண்ணு லாண்டனா வேலை கத்துக்குடுத்து 2004 வாக்குல சென்டரே ஆரம்பிச்சுது, மூங்கில் கெடைக்கிறது கொறஞ்சு போனதால அதுக்கு பதிலா இது. அத பாத்துப் பாத்து இவங்களும் கத்துக்கிட்டாங்களாம். அவங்க சொன்னது ஒண்ணே ஒண்ணு, வேக வைக்கணும். சும்மா சுடுதண்ணில முக்கி எடுக்குறது இல்ல, தகர டிரம்முல போட்டு மணிக்கணக்கா கொதிக்கணும், சூடு ஆறுறதுக்குள்ள பட்டைய உரிச்சுடணும், ஆறிடுச்சுன்னா பட்டை மறுபடி புடிச்சுக்கும். உரிச்ச குச்சி வழுவழுன்னு க்ரீம் கலர்ல வரும், சூடா இருக்கப்பவே முழங்கால்ல வச்சு வளைச்சா சொன்ன பேச்சு கேக்கும். கட்டைவிரல் மொத்தம் ஃப்ரேமுக்கு, பென்சில் மொத்தம் பின்னலுக்கு. கணு கணுவா கெளை வர்றதால நீட்டமா ஒரே குச்சி கெடைக்கிறதுதான் கஷ்டம், நிழல்ல வளந்து வெளிச்சத்துக்காக மேல ஏறினதுதான் நேரா இருக்கும். கிளவுஸ் இல்லாம தொடாதீங்க, குச்சி நாலு பட்டையா இருக்கும், ஓரத்துல எல்லாம் சின்ன முள்ளு. எலைய மாடு தின்னா ஆகாது, அதனால வெட்டினத தொழுவம் பக்கம் போடாதீங்க. நல்லது என்னன்னா பூச்சி, கரையான் இதுகிட்ட அவ்வளவா வராது.

பின்றதுக்கு ஆன நேரத்த விட வேக வச்சு உரிக்கிற நேரம்தான் ஜாஸ்தி. நீங்க சொல்லுங்க.


ஜக்கூர்வாசி:

அக்கா சூப்பர். என்னோடது தண்ணி சமாச்சாரம், ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரைன்னும் சொல்லுவாங்களே அது. பெங்களூர் ஏரிங்கள்ல இதுக்கா பஞ்சம், சாக்கடைத் தண்ணி வர்ற எடமெல்லாம் பச்சைக் கம்பளம்தான், க்ளீன் பண்ணி கரையில மலை மாதிரி குவிச்சு வச்சுட்டு போயிடுவாங்க. அந்தக் குவியல்ல இருந்துதான் எடுக்குறது, நான் ஏரிக்குள்ள எல்லாம் எறங்கல.

தனியா பரவலா மெதக்குற செடிக்கு தண்டு குட்டையா பொம்முனு இருக்கும், அது வேஸ்ட். நெருக்கமா ஒண்ண ஒண்ணு தள்ளிட்டு நிக்கிற கூட்டத்துல இருக்குறதுக்குத்தான் தண்டு ரெண்டு அடி, அதுக்கு மேலயும் நீளும், அதத்தான் எடுக்கணும். எலைய கிள்ளிட்டு தண்ட மட்டும் வெயில்ல போட்டா கிட்டத்தட்ட எல்லாமே தண்ணிதான்ங்கறதால காஞ்சப்புறம் ஒரு பை நெறைய போட்டது ஒரு கை புடிதான் மிஞ்சும், மொட்டை மாடில பாத்த எங்க ஓனர் ஆன்ட்டி யாரோ திருடிட்டாங்கன்னே நெனச்சுட்டாங்க. காஞ்ச தண்ட லேசா ஈரத் துணில சுத்தி வச்சு, மூணு மூணா சடை பின்னி, அந்த சடைய வட்டமா சுத்தி ஊசி நூல் போட்டு தைக்கிறேன். மொடையிறத விட இது எனக்கு ஈஸி.

இதுல ரெண்டு விஷயம் ஆவறதில்ல. ஒண்ணு ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் நம்மூர் மழைக்கு பூஞ்சை புடிக்கும், செவுரு ஓரமா வச்சா கண்டிப்பா புடிக்கும். இன்னொண்ணு, சாக்கடை ஏரில வளந்த செடி தண்ணில இருக்குற ஈயம் காட்மியம் எல்லாத்தையும் உறிஞ்சி வச்சுக்கும், வேர்லதான் ஜாஸ்தின்னாலும் நான் அதுல சப்பாத்தி பழமெல்லாம் வைக்க மாட்டேன். சார்ஜர், ஹெட்ஃபோன் போட்டு வைக்கிறேன், அதுக்கு ஓகே.

ஜக்கூர் ஏரி வாய்ல சம்புப் புல்லும் நெறைய நிக்கும், கன்னடத்துல ஜொண்டு. அதோட எலை இதவிட ஸ்ட்ராங், பின்னினா அழகா வரும். ஆனா அதுக்குள்ளதான் நீலத் தாழைக்கோழி கூடு கட்டுது, வர்ற கழிவுத் தண்ணிய வடிகட்டறதும் அந்தப் புல்லுதான். ஏரிய பாத்துக்கறவங்க அவங்களா வெட்டிப் போட்டா எடுத்துக்குவேன், நானா கத்திய எடுத்துட்டு போக மாட்டேன்.


பேர்வேணாம்:

ஒரு டவுட். இதெல்லாம் வெட்ட பர்மிஷன் வேணாமா? பன்னேர்கட்டா பக்கம் லாண்டனா ஏராளம், களைதானே, போய் வெட்டலாமா?


அல்சூர் அக்கா:

வெட்டக்கூடாது தம்பி. களையா இருந்தாலும் அது நேஷனல் பார்க். அங்க எல செத்தைய கூட எடுத்துட்டு வரக்கூடாது, மாட்டினா பதில் சொல்ல முடியாது. துரஹள்ளியும் ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட் எடம். பட்டா நெலத்துக்காரர்கிட்ட கேளுங்க, சந்தோஷமா அள்ளிட்டு போங்கன்னுதான் சொல்லுவாங்க. மூங்கிலுக்கு மட்டும் 2017ல இந்திய வனச் சட்டத்த திருத்தி, காட்டுக்கு வெளிய வளர்ற மூங்கில மரக் கணக்குல இருந்து எடுத்துட்டாங்க. காட்டு மூங்கில் கதை வேற.


ஸ்ரீராமபுரம் பாஸ்கெட்:

எல்லாரும் செடிய பத்தி எழுதுறீங்க, நான் ஆள பத்தி எழுதுறேன். எங்க தெருவுக்கு பின்னாடி சந்துல ஒரு மேதர் குடும்பம் இருக்கு. மேதர்னா கர்நாடகாவுல தலைமுறை தலைமுறையா மூங்கில் வேலை செய்யிறவங்க, பன்னெண்டாம் நூற்றாண்டுல பசவண்ணரோட இருந்த சரணர்கள்ல, அதாவது சிவனடியார்கள்ல, மேதர கேதய்யான்னு ஒருத்தர், அவரும் மூங்கில் வெட்டி கூடை பின்னி பொழச்சவர்தான். இந்த வீட்டுப் பாட்டிக்கு அவர் பேர சொன்னாலே மொகம் மலந்துடும். பாட்டி பேசறது கன்னடம், நான் பேசறது ஸ்ரீராமபுரம் தமிழ், நடுவுல எப்படியோ வேலை நடந்துச்சு.

நான் கத்துக்க போனப்ப எடுத்ததுமே பின்னக் குடுப்பாங்கன்னு நெனச்சேன். குடுக்கல. மச்சுன்னு சொல்ற வெட்டுக்கத்திய கையில குடுத்து மூங்கில பொளக்கச் சொன்னாங்க. நுனில கத்திய வச்சு ஒரு தட்டு தட்டி எறக்கினா நேரா போகும், கணு வந்தா திசை மாறி ஒரு பக்கம் மெலிஞ்சுடும், அப்ப மெலிஞ்ச பக்கத்த விட்டுட்டு மொத்தமா இருக்குற பக்கத்த இழுக்கணும், அப்பதான் பொளவு நடுவுக்கு திரும்பி வரும். இத வாயால சொல்லி புரிய வைக்க முடியாது, பாட்டி என் கைமேல கை வச்சு இழுத்துக் காட்டினப்பதான் புரிஞ்சுச்சு. அப்புறம் மேல் தோல் தனி, உள் சதை தனின்னு பிரிக்கணும். பச்சையா பளபளன்னு இருக்குற மேல் தோல்தான் பலம், உள் சதை சீக்கிரம் உளுத்துப் போகும். மார்க்கெட்ல சீப்பா விக்கிற கூடை ஏன் ஒரு வருஷத்துல பொடிப்பொடியா கொட்டுதுன்னா அது பாதி உள் சதையில பின்னினது. வாங்கறப்ப திருப்பி அடிய பாருங்க, தோல் பக்கம் வெளிய தெரியணும். வெட்டின மூங்கில தண்ணில ஊறப்போட்டு எடுத்தா அதுல இருக்குற மாவுச்சத்து கரைஞ்சுடும், வண்டுக்கு திங்க ஒண்ணும் இருக்காது, அதனாலதான் அவங்க வீட்டு வாசல்ல எப்பவும் ஒரு தொட்டி.

பின்னல் அப்புறம்தான். அடிக்கு குறுக்கு நெடுக்கா பட்டை போட்டு, மேல ஏத்துறப்ப ஒரே பட்டையா சுத்தி வரணும்னா நிக்கிற குச்சி ஒத்தப்படையா இருக்கணும். ரெட்டைப்படையா இருந்தா ரெண்டாவது சுத்துலயும் அதே குச்சிக்கு மேலயே போகும், பின்னலே விழாது. இத பாட்டி கணக்கா எல்லாம் சொல்லல, ஒரு குச்சிய ரெண்டா பொளந்து வச்சுட்டு இப்ப சுத்துன்னாங்க.

கௌரி ஹப்பா வந்தா அந்த வீட்ல தூக்கமே கெடையாது. சுமங்கலிங்க ஜோடி மொறத்துல மஞ்சள், குங்குமம், வளையல், தானியமெல்லாம் வச்சு மொரத பாகினான்னு குடுப்பாங்க இல்ல, அதுக்கு மொறம் வேணும். ரெண்டு வாரம் வியாபாரம், மத்த மாசம் ஏணி, தட்டி, பூக்கடைக்கு கூடை. முன்னாடி ராமநகரா பக்கத்துல பட்டுப்புழு கூடு கட்டறதுக்கு சந்திரிகேன்னு மூங்கில் பாய்ல சுருள் சுருளா பட்டை வச்சு கட்டித் தருவாங்களாம், இப்ப அந்த எடத்துல பிளாஸ்டிக் வந்துடுச்சு.

எனக்கு ஒரு கோவம் இருக்கு, சொல்லிடறேன். இதே ஊர்ல ஏசி ரூம்ல உக்காந்து ரெடியா சீவி வச்ச பட்டைய நாலு சுத்து சுத்தி வீட்டுக்கு கொண்டு போறதுக்கு ஆயிரக்கணக்குல குடுக்கறாங்க, அதே ஆளுங்க ரோட்டோரம் பாட்டிகிட்ட மொறத்துக்கு பத்து ரூபா கொறைன்னு நிக்கறாங்க. சீவினவங்க யாருன்னு அந்த ரூம்ல யாரும் கேக்கறதில்ல. கத்துக்கணும்னா கன்டோன்மென்ட் பேம்பூ பஜார் பக்கம் போய் ஒரு கடை முன்னாடி பேசாம உக்காந்து பாருங்க, வெறும் வேடிக்கை பாத்தாலே பாதி வந்துடும். போறப்ப ஏதாவது வாங்கிட்டு போங்க, பேரம் பேசாதீங்க.


ஜக்கூர்வாசி:

ப்ரோ நானும் அந்த ஏசி ரூம் போயிருக்கேன் 😅 ஆனா அங்க போகலன்னா எனக்கு இதுல ஆசையே வந்திருக்காது. எல்லாருக்கும் பக்கத்து சந்துல பாட்டி இருக்க மாட்டாங்க.


ஸ்ரீராமபுரம் பாஸ்கெட்:

சரி, அது நியாயம்தான். பேரம் பேசறத மட்டும் விட மாட்டேன்.


ஈசிட்டி தர்மபுரிக்காரன்:

நொச்சி பத்தி யாருமே எழுதலியே. எங்க ஊர்ல சாணி அள்ள, எரு கொட்டன்னு கூடை எல்லாம் நொச்சிக் குச்சிலதான். சந்தாபுரா, ஆனேக்கல் போற வழில ஓடைக்கரை எல்லாம் நிக்குது, இங்க லக்கி கிடான்னு சொல்றாங்க. ஒருதடவ அடியோட வெட்டி விட்டுட்டா அடுத்த வருஷம் அடித்தூர்ல இருந்து கெளையே இல்லாம நேர் நேரா குச்சி கெளம்பும், அதுதான் கூடைக்கு. வெட்டாத பழைய செடில கோணல் மாணலாத்தான் கெடைக்கும், அத வச்சுட்டு மல்லுக்கட்டாதீங்க. வேக வைக்க வேணாம், வெட்டி ஒரு நாள் ரெண்டு நாள் நெழல்ல வாட விட்டா போதும், எலைய உருவி கொசுக்கு பொகை போட்டுக்கலாம், சளிக்கு ஆவி புடிக்கலாம். ரொம்ப பச்சையா பின்னினா காயறப்ப குச்சி சிறுத்து பின்னல் லொடலொடன்னு ஆயிடும், ரொம்ப காஞ்சா ஒடியும். எங்கப்பா குச்சிய விரல்ல ஒரு சுத்து சுத்திப் பாப்பாரு, தோல் வெடிக்கலன்னா பின்ன ஒக்காந்துடுவாரு.


பேர்வேணாம்:

சரி நானும் ஒண்ணு சொல்றேன். எங்க லேஅவுட் பின்னாடி ராஜகால்வாய் ஓரம் நெய்வேலி காட்டாமணக்கு செம்ம நீட்டமா வளந்து நிக்குது, அத வெட்டி பின்னலாம்னு ஒரு ஃப்ரெண்டு கொண்டு வந்தான். உள்ள ஓட்டை, வளைச்சா மடங்கிடுது, வெட்டினா பால் வடிஞ்சு கையெல்லாம் பிசுபிசுன்னு ஆச்சு. இதுல ஏதாவது வழி இருக்கா?


ஈசிட்டி தர்மபுரிக்காரன்:

ஒரு வழியும் இல்ல ப்ரோ, அது வெஷம், ஆடு கூட வாய் வைக்காது, வச்சுதுன்னா கிறுக்கு புடிச்ச மாதிரி ஆயிடும். ஊர்ல வேலிக்கு நடுவாங்க, அதோட சரி. கைய நல்லா கழுவச் சொல்லுங்க.


அல்சூர் அக்கா:

ஈச்ச ஓலை பத்தி இன்பாக்ஸ்ல கேட்ட மேடத்துக்கு இங்கயே சொல்லிடறேன். சின்ன கூடை, விசிறிக்கெல்லாம் குருத்தோலைதான் மெத்துனு இருக்கும், ஆனா மரத்துக்கு உசுரு அந்த ஒரே நடு மொட்டுலதான், அதுக்கு அடி பட்டா மரமே போச்சு, அதனால ஒரு மரத்துல ஒரு குருத்துக்கு மேல தொடாதீங்க, பாதி விரிஞ்ச ஓலையே போதும். மட்டையோட அடிப்பக்கம் ஊசி மாதிரி முள்ளு, மொதல்ல அத சீவிட்டுதான் மத்த வேலை.

பூஞ்சைக்கு ஜக்கூர் தம்பி, காஞ்சதும் ஒருநாள் நல்ல வெயில் காட்டிட்டு காத்தோட்டமா தொங்க விடுங்க, அலமாரிக்குள்ள வைக்காதீங்க. புடிச்சுடுச்சுன்னா வினிகர் தொட்டு தொடச்சு மறுபடி வெயில்.

தளி தோட்டத்துல மழைக்கு முன்னாடி இன்னொரு தடவ வேலி வெட்டப் போறாங்க. வர்றவங்க இங்க பேர் போடுங்க. தோல் கிளவுஸ், முழுக்கை சட்டை, உரிக்க ஒரு சின்ன கத்தி கட்டாயம். டிரம்மும் வெறகும் அங்க இருக்கு, சாப்பாடு என் பொறுப்பு, புளியோதரையும் வத்தலும். ஸ்ரீராமபுரம் தம்பி, பாட்டி வர்றேன்னா கார்ல முன் சீட்டு அவங்களுக்குத்தான், ஒரு நாள் கூலி நாம எல்லாரும் சேந்து போட்டுத் தரணும், கேட்டுச் சொல்லுங்க.